சராசரிக்குள் மறையும் சிறுமித் தாய்மார்

இலங்கையில் 15 முதல் 19 வயது வரையான பெண்கள் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றில் 28 பிறப்புக்கள் நிகழ்வதாக 2006/07 குடித்தொகை, சுகாதார ஆய்வு கணக்கிட்டது. 2016 ஆம் ஆண்டின் ஆய்வில் அது 21 ஆகக் குறைந்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் முதற் கணக்கில் வட மாகாணம் சேரவில்லை. போரின் நடுவே எமது பிள்ளைகளை எவரும் எண்ணவில்லை.

சராசரி என்பது மேட்டுக் காணியையும் பள்ளக் காணியையும் சேர்த்துச் சொல்லும் விளைச்சல் கணக்குப் போன்றது. எந்த வயல் கருகியது என்பதை அது காட்டாது. உயர்வகுப்பு வரை படித்த பெண்களிடையே இளவயதுப் பிரசவம் அரிது. பாடசாலையை இடையில் விட்டவர்களிடையே அதிகம். நாம் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியையே.

2006 முதல் 2009 வரை வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பல பெற்றோர் பிள்ளைகளை அவசரமாக மணமுடித்து வைத்தனர். தாலியே காவல் என நம்பினர். போர் முடிந்தது, அந்த நம்பிக்கை முடியவில்லை. சொந்தக் காணி இன்றி இரவல் வளவில் இருந்துகொண்டு, நாள் முழுதும் கூலிக்குப் போகும் தாய் தகப்பனுக்குக் குமர்ப்பிள்ளையைத் தனியே விடுவது நெருப்பாகவே இருக்கும். அந்தப் பயத்தை நாம் பழிக்கவில்லை. அதற்கு மருந்து கலியாணம் அன்று என்றே சொல்கிறோம்.

1995 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி பொது விவாகச் சட்டத்தில் ஆகக் குறைந்த வயது 18. அதற்கு முன் சேர்த்து வைத்தால் பதிவில்லை. கணவன் கைவிட்டால் மனைவி எனக் காட்டப் பத்திரமும் இல்லை. 16 வயதுக்குட்பட்டவளாயின், அவள் சம்மதித்தாலும் அது குற்றம். வளர்ந்து முடியாத உடலுக்குப் பிரசவ வலிப்பும், குழந்தைக்கு நிறைக்குறைவும் கூடுதலான ஆபத்துக்கள். ஊர் வழக்கிலுள்ள வயதுக்கு முன் மணம் முடிக்க வரும் இளையோரைத் தடுக்குமாறு திருச்சபைச் சட்டம் 1072 ஆம் இலக்கமும் குருக்களைப் பணிக்கிறது.

எனவே பாடசாலைக்கு வராத பிள்ளையை முதல் வாரத்திலேயே தேடிப் போவோம். தாய்மார் வேலைக்குப் போகும் வேளையில், மாதர் சங்கம் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கட்டும். ஏற்கெனவே கருவுற்றவளை மறைக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்வோம். பிரசவத்தின் பின் மீண்டும் படிக்க வழி கேட்போம். அவளை வகுப்பிலிருந்தும் கோவிலிலிருந்தும் ஒதுக்கினால், அடுத்த சிறுமி எம்மிடம் உண்மை சொல்ல மாட்டாள்.