பின்னால் தெரிகிற ஊர்

படம் எடுத்த கையோடு அதைப் பார்க்க முடியாது. 36, 54, 72 என்று மூன்று கணக்கு உண்டு. அதில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஆரம்பித்தால் பின்பக்கத் திரையில் காட்சி தெரியாது. மேலே உள்ள சின்னக் கண்ணாடி ஜன்னலில் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு படம் எடுத்ததும் கட்டைவிரலால் லீவரை இழுத்துவிட வேண்டும், அப்போதுதான் அடுத்தது. எடுத்துக்கொண்ட கணக்கு தீர்ந்த பிறகுதான் படங்கள் கண்ணுக்குத் தெரியும். ஃபூஜிஃபிலிம் நிறுவனம் 2025 மே 22 அன்று அறிவித்த எக்ஸ் ஹாஃப் என்ற சின்ன டிஜிட்டல் கேமராவில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஜூன் கடைசியில் வெளிநாட்டுக் கடைகளுக்கு வந்தது. செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு இதே நினைப்பு.

கேமராவின் பெயரிலேயே பாதி இருக்கிறது. சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்துக்கு 36க்கு 24 மில்லிமீட்டர் இடம் போகும். அதை இரண்டாக வகுத்து 18க்கு 24 என்று வைத்தால், 36 படம் விழுகிற ரோலில் 72 விழும். 1959இல் வந்த ஒலிம்பஸ் பென் இந்தக் கணக்கை வீடுவீடாகக் கொண்டுபோன கேமரா. அதை வடிவமைத்த யோஷிஹிசா மைத்தானி அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். 6,000 யென்னுக்குள் விற்க வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொண்டு மற்றதிலெல்லாம் செலவைக் குறைத்தவர், லென்ஸில் மட்டும் குறைக்கவில்லை. ஃபிலிம் இடவலமாக ஓடுவதால், கேமராவை நேராகப் பிடித்தாலே படம் நெட்டாக விழும். எக்ஸ் ஹாஃபிலும் ஓர் அங்குல வகை சென்சாரை நெட்டாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 18 மெகாபிக்சல், எடை 240 கிராம். பழைய கேமராவின் முதுகில், உள்ளே என்ன ரோல் கிடக்கிறது என்று காட்ட ஒரு சின்ன ஜன்னல் இருக்குமே, அதே இடத்தில் ஒரு குட்டித் திரை. எந்த ஃபிலிமின் நிறத்தில் எடுக்கிறோம் என்பது அதில் தெரியும். ரோல் கணக்கில் எடுக்க ஆரம்பித்துவிட்டால் அந்த நிறத்தையும் நடுவில் மாற்ற முடியாது.

பழைய உருவத்தில் புதிய கேமரா வருவது முதல் முறையல்ல. 2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கண்காட்சியில் இதே நிறுவனம் எக்ஸ்100 கேமராவைக் காட்டியபோது உலகமே வாய் பிளந்தது. ஷட்டர் வேகத்துக்குத் தலையில் ஒரு சக்கரம், அபர்ச்சருக்கு லென்ஸைச் சுற்றி ஒரு வளையம், மாற்ற முடியாத ஒரே லென்ஸ். ஆறு மாதம் காத்திருந்து, 2011 மார்ச்சில் கடைக்கு வந்த வேளையில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. அது தயாரான தொழிற்சாலை மியாகி மாகாணத்தில் இருந்ததால் வேலை நின்றுபோய், காத்திருப்பு மேலும் நீண்டது. அந்த வரிசையின் ஆறாவது கேமரா 2024 பிப்ரவரியில் வந்தது. பணம் கட்டியவர்களே மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அந்த விலைக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பைக் வாங்கலாம். ஆனால் எக்ஸ்100 என்னை இப்படிப் பிடித்து ஆட்டவில்லை. எக்ஸ் ஹாஃப் ஆட்டுகிறது. காரணம், எண்ணிக்கை.

நெய்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் கம்மாபுரத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஒரு தலைமுறையின் முகங்களைப் பிடித்து வைத்தது ஆக்ஃபா கிளிக் 3. குஜராத்தின் வடோதராவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த கேமரா அது. 120 ரோலில் 12 படம், ஒவ்வொன்றும் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரம். வெயிலா, மேகமா என்று பார்த்து முள்ளைத் தள்ள வேண்டும். முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடி. குமிழைத் திருகத் திருக, ஃபிலிமின் முதுகுத் தாளில் அச்சடித்த எண் மெல்ல ஊர்ந்து வந்து அந்தச் சிவப்பு வட்டத்தின் நடுவில் நிற்கும். 7 நின்றால் இன்னும் ஆறு தட்டலாம். ரோல் பல நேரம் ஊட்டியிலிருந்து வந்ததாக இருக்கும். 1960இல் தொடங்கி 1967 முதல் உற்பத்தி செய்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், அரசாங்க நிறுவனம், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது. நம் ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கே தயாரானதுதான். 1996இல் நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு எழவே இல்லை. ஃபிலிம் செத்தபோது ஃபூஜி தன் ரசாயன அறிவை எடுத்துக்கொண்டு முகக் கிரீம் வரை போய்ப் பிழைத்தது. ஊட்டிக்கு அப்படி ஒரு வழியைத் திறந்துவிட யாரும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன் இப்போது அதே கடையில் ஜெராக்ஸும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் போட்டுக்கொண்டிருக்கிறார். புதிய கேமரா பற்றி அவரிடம் சொன்னேன். எடுத்த படத்தைப் பார்க்க முடியாது என்றதும் சிரித்தார். பிறகு சொன்னார்: “அது நல்லதுதான் தம்பி. ரோல் போட்டுட்டா கை தானா நிதானமாயிடும். ஒரு வீட்டுல காதுகுத்துன்னா தாய்மாமன் மடியில ஒண்ணு, மொட்டையோட ஒண்ணு, குடும்பத்தோட ஒண்ணு. அவ்வளவுதான். மிச்சத்தை அடுத்த விசேஷத்துக்கு வெச்சிருப்பேன். இப்ப ஐந்நூறு எடுத்துட்டு ஒண்ணும் இல்லேங்குறாங்க.”

கடைக்குப் பின்னால் டார்க் ரூம் இருந்த இடத்தில் இப்போது பேப்பர் கட்டுகள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே நெகடிவ்கள், பட்டர் பேப்பர் உறைகளில். வாங்கிக்கொள்ள வராதவர்களின் பிரிண்டுகளும் கொஞ்சம் கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளங்கை அளவுச் சதுரம், ஓரத்தில் வெள்ளைக்கரை, மூலையில் ஹைப்போ ரசாயனத்தைச் சரியாகக் கழுவாமல் பழுப்பேறிய கறை. ஒரு தம்பதி, நடுவில் ஸ்டூலில் நிற்கவைத்த குழந்தை. ஸ்டுடியோவில் எடுத்ததல்ல, வீட்டு வாசலில் எடுத்தது. அவர்களுக்குப் பின்னால் நாட்டு ஓடு வேய்ந்த கூரை, திண்ணையில் சாய்த்து வைத்த ஏர், அதற்கும் பின்னால் முந்திரி மரம், மரத்தடியில் கட்டியிருந்த மாடு. மாட்டின் கொம்பில் பூசியிருந்த சாயம்வரை தெரிந்தது.

“இது எந்த ஊருண்ணே?”

ஊர்ப்பெயரைச் சொன்னார். அந்த இடம் இன்று சுரங்கம்.

நெய்வேலி நிலக்கரியின் கதைக்குப் படங்களுக்குப் பஞ்சமில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளை போட்டபோது கரிய பொருள் மேலே வந்தது என்பதில் தொடங்கி, 1957 மே 20இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 1961 ஆகஸ்டில் முதல் கரி தெரிந்தது, 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது, பல மாடி உயரத்துக்கு நிற்கிற ஜெர்மானியச் சக்கர வாளி இயந்திரங்கள் என எல்லாமே படமாக இருக்கும். அந்த முதல் மின் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்து 2020இல் நிறுத்தப்பட்டதுகூடப் படமாக இருக்கிறது. சுரங்கத்துக்காக எழுந்து போன ஊர்களுக்கு அப்படி ஓர் ஆவணமும் இல்லை. அவை தப்பிப் பிழைத்திருப்பது காதுகுத்துப் படங்களிலும் கல்யாணப் படங்களிலும், மனிதர்களுக்குப் பின்னால். யாரும் அந்தத் திண்ணையை எடுக்க வேண்டுமென்று எடுக்கவில்லை. கிளிக் 3இன் லென்ஸில் கிட்டத்தில் நிற்பவரும் தூரத்து மரமும் ஒருசேரத் தெளிவாக விழுந்ததால் திண்ணை தங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் கைபேசியோடு எனக்கு வழக்கு. போர்ட்ரெய்ட் என்று ஓர் அமைப்பு வைத்து, முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, பின்னால் இருப்பதை எல்லாம் கணக்குப் போட்டு மங்கலாக்கிவிடுகிறது. எங்கள் பிள்ளைகள் தங்கள் வீட்டு வாசலில் நின்று எடுத்துக்கொள்ளும் படங்களில் வாசல் இல்லை. இன்னும் பத்து வருடத்தில் அந்த வாசலே இல்லாமல் போகலாம் என்கிற ஊர்களில் எடுத்த படங்கள் அவை. எக்ஸ் ஹாஃபின் சென்சார் சிறியது. லென்ஸ் 32 மில்லிமீட்டருக்குச் சமமான அகலப் பார்வை, எடுத்துவிட்டுத் தூக்கிப் போடும் குயிக்ஸ்னாப் கேமராவில் இருந்த அதே பார்வை. வெயிலில் எடுத்தால் முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் தெளிவாகவே விழும். பின்புலம் கரைந்து வராது என்று கேமரா ரசிகர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

கைபேசி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் நெய்வேலிச் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது, அதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்க வைத்ததில் கைபேசிக்கும் பங்கு உண்டு. அந்த நேரத்தில் லீவரை இழுத்துக்கொண்டு நிற்க முடியாது. நான் சொல்வது, இயந்திரம் வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றி. எதுவும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்பங்கரைப் புகைபோக்கி, ரேஷன் கடை வரிசை, முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கறை படிந்த விரல்கள். இவற்றை நிதானமாக எடுத்து வைக்க ஒரு கருவி வேண்டும்.

பார்க்காமல் எடுத்தால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பக்கத்து ஊர்ச் செய்தி. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களை எடுத்தது அவருடைய லைக்காதான். 14ஆம் தேதி இரவு வானத்தில் ஓர் எரிநட்சத்திரம் கடந்ததைப் பார்த்துவிட்டு ஆசிரமத்துக்கு ஓடியதையும், ரமணர் மறைந்த நேரம் 8.47 என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த நாட்களில் அவர் எடுத்த சுருள்களைக் கழுவாமலேயே வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார். தன் படங்களைத் தானே பார்க்க மாதங்கள் ஆகும். படம் விழுந்ததா என்று திரும்பிப் பார்க்க வழியில்லாத மனிதர் முன்னால் நடப்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கவனம் படங்களில் இருக்கிறது.

எக்ஸ் ஹாஃபில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. வெளிச்சம் கசிந்தது போல், காலாவதியான ஃபிலிம் போல் காட்ட வடிப்பான்கள் வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன படத்தின் மூலையிலிருந்த கறை, அவசரமாகக் கழுவியதால் வந்தது. அதில் ஓர் உழைப்பாளியின் நாள் இருக்கிறது. கறையைக் காசு கொடுத்து வாங்கிப் பூசிக்கொள்ள எனக்கு மனமில்லை. ஸ்டுடியோ அண்ணனுக்கு வேறு குறை. “ஃபிளாஷ் இல்லையா? சின்ன எல்இடி விளக்குதானா? ராத்திரி சாமி புறப்பாட்டுக்கு என்னா பண்ணுவே?” அது நியாயமான கேள்வி. ஜேபெக் மட்டும்தான் கிடைக்கும், பிறகு உட்கார்ந்து திருத்த ‘ரா’ கோப்பு கிடையாது என்பதையும் பலர் குறை சொல்கிறார்கள். வெயிலையும் மேகத்தையும் பார்த்து முள்ளைத் தள்ளியவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது.

லீவருக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். அதை இழுத்தால், அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு நெட்டுப் படங்கள் பக்கம் பக்கமாக ஒரே படமாகச் சேரும். முதல் வேலையாக நான் செய்ய நினைப்பது இதுதான்: இடப்பக்கம் வீட்டுக்காரர்கள், வலப்பக்கம் அவர்கள் வாசலில் நின்றால் எதிரே தெரிகிற தெரு. ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி. 72 படத்துக்கு 36 வீடு. சிறிய ஊரில் ஒரு தெரு முழுக்க அடங்கிவிடும். சுரங்க விரிவாக்கத்துக்கென்று அளவுக்கல் நட்ட நிலங்கள் எங்கள் ஒன்றியத்தில் எந்தெந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து தொடங்கலாம். கேமரா என் கைக்கு வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைக்கிறேன். அதற்குள் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி வைக்க வேண்டும். மழைக்காலம் முடிந்த தை மாத வெயில் இதற்குத் தோதானது.

அண்ணனிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பெட்டியிலிருந்த உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், தொழில்காரராக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அதுல எவ்வளவு பெருசா பிரிண்ட் போடலாம்?”

18 மெகாபிக்சல், 12க்கு 15 தாராளமாகப் போடலாம் என்றேன்.

“அது போதும். வீட்டுல மாட்டுற சைஸ் அதான். எடுத்துக் குடு, பிரிண்டுக்கும் பிரேமுக்கும் பேப்பர் காசும் கண்ணாடிக் காசும் மட்டும் வாங்கிக்கிறேன். யார் வீட்டுதுன்னு பின்னால பேரும் சர்வே நம்பரும் எழுதி வெச்சிடு.”