வாணவேடிக்கையை மலையிலிருந்து பாருங்கள்

க.பொ.த. உயர்தரம், விஞ்ஞானப் பிரிவு மாணவி

பண்டிகை இரவில் வாணவேடிக்கை பார்க்கச் சிறந்த இடம் எது என்று கேட்டால் சிலர் வீட்டு முற்றம் என்பார்கள். சிலர் கண்டி வாவிக்கரை என்பார்கள். மலை என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. சுற்றிவர மலைகள் சூழ்ந்த ஊரில் வாழ்ந்துகொண்டும் நாம் இப்படி இருப்பது எனக்கு வியப்பைத் தருகிறது. பண்டிகை நாளில் பட்டாசு வாங்கிக் கொளுத்துவதை விட, மாலையில் குடும்பமாக ஒரு மலைக்கு ஏறி, ஊர் கொளுத்துவதைப் பார்த்துவிட்டு வருவது மேலானது என்பதே எனது கருத்து. அப்படிப் போகும்போது பெண் பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது எனது கோரிக்கை. கருத்து எல்லோருக்கும் உரியது. கோரிக்கை பெற்றோருக்கு உரியது.

நமது நாட்டில் இதற்கு மிகப் பொருத்தமான நாள் சித்திரைப் புத்தாண்டுதான். டிசம்பர் 31ஆம் திகதியும் வானம் நிறைய வாணம் ஏறும். ஆனால் அன்று ஒவ்வொருவரும் தாம் நினைத்த நேரத்தில் கொளுத்துவார்கள். முக்கியமான வேடிக்கைக்கு நள்ளிரவு வரை விழித்திருக்கவும் வேண்டும். சித்திரைப் புத்தாண்டு அப்படியல்ல. சூரியன் மீன ராசியிலிருந்து மேட ராசிக்குச் செல்வதாகக் கணிக்கப்படும் நிமிடமே புத்தாண்டு பிறக்கும் நிமிடம். தமிழ்ப் பஞ்சாங்கங்களின் நேரம் சற்று வேறுபடுவதுண்டு என்றாலும், நமது சிங்கள அயலவர்கள் சுப நேரப் பட்டியலைப் பார்த்து அந்த ஒரே நிமிடத்தில் வெடி கொளுத்துகிறார்கள்.

இந்த நேரம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் பிந்துகிறது. 2023இல் புத்தாண்டு பிறந்தது பிற்பகல் 2.59க்கு. 2025இல் அதிகாலை 3.21க்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட 2024இல் ஏப்ரல் 13ஆம் திகதி இரவு 9.05க்குப் பிறந்தது. பகலில் வெடித்தால் புகை மட்டுமே தெரியும். அதிகாலையில் மலையேற முடியாது. ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இந்தக் காட்சி இரவின் முற்பகுதிக்கு வந்து சேர்கிறது.

அந்த 2024ஆம் ஆண்டு இரவை நான் ஹந்தானையிலிருந்து பார்த்தேன். எமது உறவினர் ஒருவரின் வீடு அந்த மலைச் சரிவில் இருக்கிறது. வீட்டுக்கு மேலே தேயிலையைக் கடந்தால் மானாப்புல் மூடிய ஒரு மொட்டைக் குன்று. வாப்பா, உம்மா, நானா, நான், தம்பி என்று ஐந்து பேரும் அஸருக்குப் பிறகு ஏறினோம். மேலேயே மஃரிப் தொழுதோம். கீழே கண்டி நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடப்பதுபோல் தெரிந்தது.

9.05க்குச் சற்று முன்பே அங்குமிங்கும் சில பொறிகள் எழுந்தன. வேகமாக ஓடும் கடிகாரம் வைத்திருக்கும் வீடுகள் போலும் என்று வாப்பா சொன்னார். பிறகு முழுப் பள்ளத்தாக்கும் ஒன்றாக எழுந்தது. முற்றத்தில் நின்றால் நம் ஒழுங்கை மட்டுமே தெரியும். மலையில் நின்றால் பேராதனைப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், கிழக்கே குண்டசாலைக்கு அப்பால் வரை எத்தனை வீடுகள் ஒரே நிமிடத்துக்காகக் காத்திருந்தன என்பது தெரியும். சிவப்பு ஸ்ட்ரொன்சியம், பச்சை பேரியம், மஞ்சள் சோடியம், நீலம் செப்பு. ஆய்வுகூடத்தில் சுவாலைச் சோதனைக்காக நாம் மனனம் செய்யும் பட்டியல் முழுவதையும் அன்று வானத்தில் பார்த்தேன்.

அன்று நான் கவனித்த இன்னொன்று, வெளிச்சம் முதலில் வந்து சத்தம் பின்னால் வந்ததுதான். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்கிறது. மூன்று கிலோமீற்றர் தூரத்தில் வெடிக்கும் வாணத்தின் சத்தம் நம்மை அடைய ஏறத்தாழ 9 வினாடிகள் எடுக்கும். பூ விரிந்து, உதிர்ந்து, அணைந்த பிறகுதான் அதன் வெடியோசை மெதுவாக வந்து மலையில் மோதும்.

இதை ஒரு பௌதிகவியல் பாடமாக மட்டும் நான் சொல்லவில்லை. 2018 மார்ச் மாதத்தில் திகனை, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை இதைப் படிக்கும் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். கண்டி மாவட்டத்தில் ஊரடங்குச் சட்டம், நாடு முழுவதும் அவசரகால நிலை. அப்போது நான் சிறு பிள்ளை. அதற்குப் பிறகு நெடுநாள் வரை, எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் உம்மாவின் கண் முதலில் வீட்டுக் கதவைத்தான் பார்க்கும். கல்யாண வீட்டு வெடியா, கிரிக்கெட் வெற்றிக்கான வெடியா, வேறெதுவுமா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. மலையில் நின்ற அந்த இரவில் ஒவ்வொரு சத்தமும் வந்து சேரும் முன்பே அது என்னவென்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. உம்மா ஒரு தடவையும் திடுக்கிடவில்லை. திகனை இருக்கும் கிழக்குத் திசையில்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதமாட்டேன். கடை எரிந்தவருக்கு அது சரியாகாது. ஆனால் அயலவர் பண்டிகையின் சத்தத்தை மட்டும் மூடிய கதவுக்குள் இருந்து கேட்பதும், அதன் முழு உருவத்தையும் வெளியே வந்து பார்ப்பதும் ஒன்றல்ல. அந்த ஆண்டு நோன்புப் பெருநாளும் அதே வாரத்தில்தான் வந்தது. நம் வீட்டு வட்டிலப்பம் போன தட்டிலேயே கொக்கிஸும் பணியாரமும் திரும்பி வந்தன. தட்டை வாங்கிக்கொள்ளும் நாம் வெளிச்சத்தையும் பார்க்கலாம்.

"வெடி கொளுத்துவது வீண்விரயம் என்கிறோம். அப்படியானால் அதை மலையேறிப் போய் ரசிப்பது மட்டும் சரியா?" என்று எனது தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. எனது பதில் இது: மலை அந்த விரயத்தையும் சேர்த்தே காட்டுகிறது. கால் மணி நேரம் கழிந்ததும் நகரத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்தது. மலைகள் சூழ்ந்த பள்ளம் என்பதால், காற்று அசையாத இரவில் புகை இலகுவில் வெளியேறாது. நாய்கள் ஊர் ஊராகக் குரைத்துக்கொண்டே இருந்தன. அந்தப் படலத்தின் கீழேதான் தேசிய வைத்தியசாலை இருக்கிறது. இழுப்பு நோய் உள்ள பிள்ளைகளின் வீடுகளும் இருக்கின்றன. புகைக்குள் நிற்பவருக்குப் புகையின் அளவு தெரியாது. பிறை கண்ட இரவில் நமது ஒழுங்கைகளில் வெடிக்கும் வெடியின் புகையும் அங்கேதான் தங்குகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறரைக் குறை சொல்ல இதில் இடமில்லை. காசை எரிக்காமலே வெளிச்சத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்றால், அதை நம் தம்பிமாருக்கு முதலில் காட்டலாமே!

இனி எனது கோரிக்கைக்கு வருகிறேன். நானாமார் நண்பர்களோடு ஹந்தானைக்கும் நக்கிள்ஸுக்கும் போய் வருகிறார்கள். கைபேசியில் படம் கொண்டுவருகிறார்கள். நாங்கள் அந்தப் படத்தைப் பார்க்கிறோம். புவியியல் பாடத்தில் சமவுயரக் கோடுகளை அழகாக வரைந்து புள்ளி பெறும் மாணவிகளில் எத்தனை பேர் ஒரு மலைமீது நின்றிருக்கிறார்கள்? பெற்றோரின் பயம் பொய்யல்ல. இருட்டு, அறியாத ஆட்கள், "வயதுக்கு வந்த பிள்ளையை இந்த நேரத்தில் எங்கே கூட்டிப் போகிறார்கள்" என்ற ஊர்ப் பேச்சு எல்லாம் உண்மைதான். ஆனால் நாங்கள் தனியே போக அனுமதி கேட்கவில்லை. வாப்பாவை வரச் சொல்லிக் கேட்கிறோம். அபாயாவோடு ஏற முடியுமா என்கிறார்கள். முடியும், நல்ல சப்பாத்துத்தான் முக்கியம். ஊர்ப் பேச்சுக்குச் சிறந்த மறுமொழி, நாலு குடும்பங்கள் சேர்ந்து போவது.

போவதென்றால் முறையாகப் போக வேண்டும். ஏப்ரலில் மலைநாட்டில் பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை பெய்வது வழக்கம். முகில் கறுத்தால் பயணத்தைக் கைவிட வேண்டும். மொட்டைக் குன்றில் மின்னலுக்கு மறைவிடம் கிடையாது. ஹந்தானையில் மூடுபனியில் வழிதவறியவர்களைத் தேடி மீட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். ஆகவே வழி தெரிந்த ஒருவர் இல்லாமல் உயரமான சிகரங்களுக்கு மாலையில் ஏறக் கூடாது. வாகனம் போகும் தோட்டப் பாதைக்கு அருகிலுள்ள குன்றே போதும். ஆளுக்கொரு டோர்ச், அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும். மேலே ஒரு கம்பி மத்தாப்பு கூடக் கொளுத்தக் கூடாது. ஹந்தானை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். காய்ந்த மானாப்புல்லுக்கு ஒரு பொறியே போதும். கொண்டுபோன பொலித்தீனைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கின்படி சித்திரைப் புத்தாண்டு மீண்டும் இரவின் முற்பகுதியில் பிறப்பது 2028இல். அன்று இந்தக் கல்லூரியின் இன்றைய ஆறாம் தரத்துத் தங்கைகள் எங்களுடைய வயதை நெருங்கியிருப்பார்கள். அவர்களின் வாப்பாமாரிடமும் உம்மாமாரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்த நாளை இப்போதே குறித்து வையுங்கள். பட்டாசுக்கு ஒதுக்கும் காசில் பிள்ளைக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். அஸர் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள்.