மனையை மாற்றி விற்றவன் குற்றவாளி. இடிபட்டதோ வாங்கியவன் வீடு

மும்பையை அடுத்த நாலாசோபாரா கிழக்கில், வசாய்-விரார் மாநகராட்சி எல்லைக்குள், 2025 பிப்ரவரிக்குள் 41 கட்டடங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. சுமார் 2,500 குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவுக்கு வந்தன. அக்கட்டடங்கள் நின்ற ஏறத்தாழ 60 ஏக்கர் நிலம், நகர வளர்ச்சித் திட்டத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் குப்பைக் கிடங்குக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அதையே குடியிருப்பு மனை என்று காட்டி, போலி ஒப்புதல் ஆவணங்களைப் புனைந்து, பில்டர்கள் வீடுகளை விற்றுத் தீர்த்தனர். பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இடிக்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் செம்பூர்க் குடிசைப் பகுதிகளிலும் ஒற்றை அறையில் காலந்தள்ளும் தமிழ்த் தொழிலாளிக்கு மும்பைக்குள் சொந்த வீடு எட்டாக்கனி. அவன் கைக்கு எட்டும் விலையில் வீடு கிடைப்பது நாலாசோபாராவிலும் விராரிலும் கல்யாணிலும்தான். ஆகவே, இது எங்கோ நடந்த அயலார் வழக்கு அன்று.

“வாங்குமுன் விசாரித்திருக்க வேண்டாமா?” என்று ஏட்டறிவாளர்கள் கேட்கின்றனர். கல்யாண்-டோம்பிவிலியில் நடந்ததை அவர்கள் அறிவார்களா? அங்கே 65 கட்டடங்களுக்கு மாநகராட்சி அனுமதி போலியாகத் தயாரிக்கப்பட்டது. அந்தப் போலித் தாளைக் காட்டியே மகாரேராவின் பதிவு எண்ணும் பெறப்பட்டது. அரசு முத்திரையை நம்பிப் பணம் கட்டியவர்களின் வீடுகளை இடிக்கும்படி 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வீடு வாங்குவோரைக் காப்பதற்கென்றே அமைக்கப்பட்ட ஆணையமே கண்டுபிடிக்காத மோசடியை லேத் பட்டறைத் தொழிலாளி கண்டுபிடித்திருக்க வேண்டுமாம்!

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 18(2) பிரிவில், நிலத்தின் உரிமையில் குறை இருந்து வாங்கியவருக்கு இழப்பு நேர்ந்தால் விற்ற நிறுவனமே ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. அக்கோரிக்கைக்குக் காலவரம்பும் இல்லை என்கிறது. படிக்க இனிக்கும் வாசகம்தான். ஆனால், பதிவின்போது பொய்த் தகவல் தந்த பில்டருக்கு அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு விதிப்பது என்ன? திட்ட மதிப்பில் 5 விழுக்காடு வரை அபராதம்; சிறை இல்லை. கொள்ளையில் இருபதில் ஒரு பங்கைக் கட்டினால் கணக்குத் தீர்ந்தது. இழப்பீட்டு ஆணை கிடைத்தாலும் அதை வசூலிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. அந்த அலுவலகங்களில் மகாரேராவின் வசூல் ஆணைகள் ஆண்டுக்கணக்கில் தூங்குகின்றன. அதற்குள் பில்டர் பழைய நிறுவனத்தைக் கைகழுவி, புதிய பெயரில் அடுத்த மனைக்குப் பூமி பூசை போட்டிருப்பான்.

இத்தனை கட்டடங்கள் ஓரிரவில் முளைக்கவில்லை. எதிர்க்கட்சியினரை வேட்டையாட ஏவப்படும் அமலாக்கத் துறைகூட, 2025 மே மாதத்தில், வசாய்-விரார் மாநகராட்சியின் நகரமைப்பு அதிகாரி ஒருவரிடமிருந்து 8 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கத்தையும் சுமார் 23 கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகளையும் கைப்பற்றியதாக அறிவிக்க நேர்ந்தது. சட்டவிரோதக் கட்டடங்களுக்குத் துணைபோகும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும், பணிநிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் மீரட் வழக்கொன்றில் கூறியது. நன்று. ஏற்கெனவே கடன் பெற்று, வீடு இடிந்த பின்னும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவனுக்கு அதனால் என்ன பயன்?

குப்பைக்கு ஒதுக்கிய இடத்தில் மனிதர் வாழலாகாது என்பது உண்மையிலேயே அரசின் கொள்கையா? செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டைப் பாருங்கள். அதில் 124 ஏக்கரை மகாராஷ்டிர அரசு 2024இல் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்கியது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்தவர், மாடியில் குடியிருப்பவர் என்றெல்லாம் கழித்துக்கட்டப்படும் தாராவி மக்களை அங்கே குடியேற்றுவதே நோக்கம். குப்பையை அகற்ற மும்பை மாநகராட்சி சுமார் 2,368 கோடி ரூபாய்க்கு டெண்டர் விட்டது. அது மக்களின் வரிப்பணம். காலியாகும் தாராவி நிலத்தில் விற்பனைக்குக் கட்டடம் எழுப்பும் நிறுவனத்தில் 80 விழுக்காடு அதானி குழுமத்துக்கு. நாலாசோபாராவில் குப்பை நிலம் என்று சொல்லி ஏழையின் வீட்டை இடித்த அதே ஆட்சி, அதானிக்கு இடம் தேவை என்றதும் ஏழையைக் குப்பைமேட்டுக்கே அனுப்புகிறது.

நாலாசோபாராவில் வீடிழந்தோருக்கு மாநில அரசே முதலில் முழு இழப்பீடு வழங்க வேண்டும். அத்தொகையைப் பில்டர்களின் சொந்தச் சொத்துகளிலிருந்தும், கட்டடம் எழும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்த அதிகாரிகளிடமிருந்தும் பிறகு வசூலிக்கட்டும். இடிந்த வீட்டின் மீதான கடன் தவணைகளை வங்கிகள் உடனே நிறுத்த வேண்டும். கல்யாண்-டோம்பிவிலியின் 65 கட்டடங்களில் மாற்று வீடு தராமல் ஒரு குடும்பத்தையும் வெளியேற்றக்கூடாது. இதற்கு வேண்டியது முதலமைச்சரின் வாய்மொழி உறுதியன்று, அரசாணை.