அரிய ஆங்கிலச் சொற்கள்: படிக்கவா, படம் காட்டவா?

1/


இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி இது.

"டாக்டர், அடுத்த மாசம் மெடிக்கல் காலேஜ்ல சேரப் போறேன். தினமும் இருபது கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் பண்றேன். போதுமா?"

ஜிஆர்ஈ எழுதுபவர்களும் இதையேதான் கேக்குறாங்க.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். அரிய சொற்களைத் தாராளமா கத்துக்கோங்க, வாசிக்கிறதுக்காக. அடுத்தவரை அசத்துறதுக்காக என்றால் அந்த நேரத்துக்குத் தூங்கி எழலாம், உடம்புக்காவது நல்லது.

ஏன் இப்படிச் சொல்றேன்? கொஞ்சம் விரிவா பார்ப்போம்.

2/
2017-ல் சசி தரூர் ஒரு ட்வீட்டில் "ஃபராகோ" என்று எழுத, நாடே டிக்‌ஷனரியைத் தூக்கியது. லத்தீனில் மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனத்துக்குப் பேர் அது. ஆங்கிலத்தில் "கண்டதையும் போட்டுக் கலந்த குவியல்" என்று பொருள்.

2018-ல் அவரே "ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்" என்று போட்டார். 29 எழுத்து. அர்த்தம் என்ன தெரியுமா? ஒரு விஷயத்தை "இதெல்லாம் தூசு" என்று ஒதுக்குவது. அவ்வளவுதான்!

அவர் நிறைய வாசிப்பவர், எழுதுபவர். சொல்லோடு விளையாடுறார், அதுல தப்பே இல்ல. ஆனா நம்ம பிள்ளைகள் அதைப் பார்த்துட்டு "இதுதான் இங்கிலீஷ் தெரியுறதுக்கு அடையாளம்" என்று நினைச்சுக்குறாங்க. அதுதான் எனக்குக் கவலை.

3/
எங்க துறையிலும் அப்படி ஒரு வார்த்தை இருக்கு.

"நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ்".

45 எழுத்து. மூச்சு விட்டுக்கோங்க. மிக நுண்ணிய சிலிகா தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று அர்த்தம் சொல்லுவாங்க. 1935 வாக்கில் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கம் ஒன்றின் தலைவர், ஆங்கிலத்தின் மிக நீளமான சொல்லாக இருக்கட்டும் என்றே கட்டி உருவாக்கிய வார்த்தை.

எந்த மருத்துவரும் கேஸ் ஷீட்டில் இதை எழுதுறதில்ல. "சிலிகோசிஸ்" என்று எழுதிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

கல்குவாரியில் வேலை செய்து மூச்சு வாங்குற மனுஷனுக்கு அந்த 45 எழுத்தால ஒரு பயனும் இல்ல. "எத்தனை வருஷமா கல்லுல வேலை பாக்குறீங்க அய்யா?" என்று கேக்கத் தெரிஞ்ச டாக்டர்தான் அவருக்கு வேணும். அந்தக் கேள்வியைக் கேக்காம விட்டா, எக்ஸ்ரேயைப் பார்த்து வெறும் காசநோய் என்று நினைச்சுட வாய்ப்பு உண்டு.

4/
சரி, எத்தனை சொல் தெரிஞ்சா போதும்?

பால் நேஷன் என்ற மொழியியலாளர் 2006-ல் கணக்குப் போட்டார். நாவல், நாளிதழ் போன்றவற்றில் வரும் சொற்களில் 98% புரிய 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிஞ்சிருக்கணும். சொற்குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும்.

2000-ல் ஏவரில் காக்ஸ்ஹெட் என்பவர் கல்வி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். அட்ரிபியூட், சப்சீக்வென்ட், வேர்ஆஸ், ஆல்பீட் மாதிரி சொற்கள்.

தமிழ் வழியில் படிச்சுட்டு எம்பிபிஎஸ் முதல் வருஷம் வரும் பிள்ளை பாடப்புத்தகத்துல தடுக்கி விழுறது பெரும்பாலும் இங்கேதான். "கல்லீரல்" என்பதற்கான ஆங்கிலச் சொல் ஒரே நாளில் மனசுல நிக்கும். "வேர்ஆஸ்" வந்ததும் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புது என்பதுதான் புரியாது.

ஆகவே முதல்ல அந்த 570. அப்புறம்தான் அரிய சொற்கள்.

5/
அரிய சொற்களைப் பட்டியலா மனப்பாடம் பண்ணாதீங்க. வேரைப் பிடிங்க.

"பாத்தோஸ்" என்றால் கிரேக்கத்தில் துன்பம், உணர்வு. அதிலிருந்து சிம்பதி, ஆன்டிபதி, அபதி, பேத்தாலஜி எல்லாம் வருது.

"இடியோஸ்" என்றால் தனக்கே உரியது. "இடியோபதிக்" என்று ரிப்போர்ட்டில் இருந்தா, தானாகவே வந்த நோய் என்று அர்த்தம். பச்சைத் தமிழில் சொன்னா, "காரணம் என்னன்னு எங்களுக்கும் தெரியல சார்". கிரேக்கத்தில் சொன்னா கொஞ்சம் கௌரவமா இருக்கு, அவ்வளவுதான்!

வேர் தெரியலன்னா ஆபத்தும் உண்டு. "ஹைப்பர்" என்றால் அதிகம், "ஹைப்போ" என்றால் குறைவு. ஹைப்போகிளைசீமியாவுக்கு உடனே குளுக்கோஸ் கொடுக்கணும். ஹைப்பர்கிளைசீமியாவுக்கு இன்சுலின் தேவைப்படலாம். இரண்டையும் மாத்திப் புரிஞ்சுக்கிட்டா உயிரே போகும்.

6/
இன்னொரு சுவாரசியம். ஜிஆர்ஈ பட்டியலில் மாணவர்களை மிரட்டும் பல சொற்கள் எங்க வார்டில் தினசரி புழங்குபவை.

🔹 இன்சிடியஸ்: லத்தீனில் பதுங்கியிருந்து தாக்குவது. சத்தமில்லாம மெல்ல ஆரம்பிக்கும் நோயைச் சொல்ல இதை எழுதுவோம்.

🔹 பேலியேட்: "பேலியம்" என்றால் போர்வை. நோயைத் தீர்க்க முடியாத நிலையிலும் வேதனை தெரியாம போர்த்திக் காப்பது.

🔹 அட்ரோஃபி: ஊட்டம் இல்லாமல் வற்றிப்போவது.

🔹 சாங்க்வின், ஃபிளெக்மாட்டிக், காலரிக், மெலங்கலிக்: நாலும் பழைய கிரேக்க மருத்துவத்தின் நாலு உடல் நீர்களிலிருந்து வந்தவை. ரத்தம், சளி, பித்தம், கரும்பித்தம்.

"அவனுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று பேசுற நமக்கு இதுல புரியாம போக என்ன இருக்கு? ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படமும் ஒரு கதையும் கிடைச்சா மறக்கவே மறக்காது.

7/
இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

உண்மையிலேயே கஷ்டமான சொற்கள் நீளமானவை இல்ல. "எனக்குத் தெரியுமே" என்று நாம நினைக்கும் சொற்கள்தான்.

🔸 க்ரானிக்: "ரொம்ப முத்திப்போச்சு" என்று பலர் நினைக்கிறாங்க. நீண்டநாளாக இருப்பது என்றே பொருள்.

🔸 அக்யூட்: "கடுமையானது" என்று நினைப்பாங்க. திடீரென வந்தது என்று பொருள்.

🔸 அன்ரிமார்க்கபிள்: ஸ்கேன் ரிப்போர்ட்டில் இதைப் பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்காதவங்க உண்டு. குறிப்பிட்டுச் சொல்லும்படி கோளாறு எதுவும் தெரியல, அதாவது நல்லா இருக்கு என்று அர்த்தம்!

🔸 ஸ்டேபிள்: ஐசியூ வாசலில் இதைக் கேட்டதும் "பொழச்சுட்டார்" என்று ஊருக்குப் போன் போடுவாங்க. இப்போதைக்கு நிலைமை மேலும் மோசமாகாமல் இருக்கு என்று மட்டுமே பொருள்.

🔸 பாசிட்டிவ்: இதை கொரோனா காலம் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துடுச்சு.

8/
பாதி தெரிஞ்ச சொல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம்.

1980, அமெரிக்காவின் ஃப்ளோரிடா. கியூபக் குடும்பத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு வர்றாங்க. சாப்பிட்டது எதுவோ ஒத்துக்காம இப்படி ஆகிடுச்சு என்ற பொருளில் வீட்டார் ஸ்பானிஷில் "இன்டாக்ஸிகாடோ" என்கிறார்கள். ஆங்கில "இன்டாக்ஸிகேட்டட்" மாதிரியே காதில் விழ, போதை மருந்தை அளவுக்கு மீறி எடுத்துக்கிட்டார் என்று முடிவு செஞ்சு சிகிச்சை போனது.

உண்மையில் அவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு. தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. கை கால் நான்கும் செயலிழந்தன. இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர்.

அந்தச் சொல் என்ன, அரிய சொல்லா? இரண்டு தரப்புக்கும் "தெரிந்த" சொல். யாராவது ஒருத்தர் "அப்படின்னா என்ன?" என்று திருப்பிக் கேட்டிருந்தா கதையே மாறியிருக்கலாம்.

9/
சரி டாக்டர், எப்படித்தான் கத்துக்குறது?

✅ நீங்க வாசிக்கும் புத்தகத்தில் எதிர்ப்படும் சொல்லை மட்டும் எடுங்க. யாரோ போட்ட "டாப் 1000" பட்டியல் வேண்டாம்.

✅ ஒரு நாளைக்கு ஐந்து போதும். சொல்லோடு அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதி வைங்க.

✅ மறுநாள், மூணாம் நாள், ஒரு வாரம், ஒரு மாசம் என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பாருங்க. கற்றது எவ்வளவு வேகமா மறக்குது என்பதை எப்பிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதிச்சு எழுதி வச்சிருக்கார். ஆன்கி போன்ற செயலிகள் இந்த இடைவெளிக் கணக்கைத்தான் நமக்காகப் போடுது.

✅ ஜிஆர்ஈ தேர்விலேயே 2011-ல் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துட்டாங்க. வாக்கியத்துக்குள்ள வச்சுத்தான் சொல்லைக் கேக்குறாங்க. தேர்வு நடத்துறவங்களே மாறியாச்சு, நாம இன்னும் பட்டியலை உருப்போட்டுக்கிட்டு இருக்கோம்.

10/
"நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க டாக்டர். இங்கிலீஷ் வரலன்னா இளக்காரமா பாக்குறாங்களே?" என்று கேப்பீங்க.

நியாயமான கேள்வி. அந்த வலி பொய் இல்ல. முதல் வருஷம் வகுப்பில் சந்தேகம் கேக்கக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும் பிள்ளைகள் எல்லாக் கல்லூரியிலும் இருக்காங்க.

ஆனா அந்த இளக்காரத்துக்கு 29 எழுத்து வார்த்தை மருந்தாகாது. பாடம் புரிஞ்சவனை ரொம்ப நாளைக்கு யாரும் இளக்காரமா பாக்க முடியாது.

1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு தமிழிலும் புரியும் என்று அப்பவே காட்டியாச்சு. இன்றைய ஆராய்ச்சியை வாசிக்க ஆங்கிலம் அவசியம். அதனாலதான் படிக்கச் சொல்றேன். தாழ்வு மனப்பான்மையால படிக்க வேண்டியதில்லை.

11/
ஒரு சொல் உங்களுக்குச் சொந்தமாகிடுச்சா என்று பார்க்க ஒரு எளிய டெஸ்ட் சொல்றேன்.

அதை உங்க அம்மாச்சிக்குத் தமிழில் விளக்கிப் பாருங்க. "ஓ, அதுவா?" என்று அவங்க தலையாட்டினா, சொல் உங்களுடையது. இல்லன்னா நீங்களும் இன்னும் புரிஞ்சுக்கல.

வருங்கால மருத்துவத் தம்பி தங்கைகளே, புத்தகத்துல எவ்வளவு அரிய சொல் வேணும்னாலும் வாசிங்க. நோயாளி முன்னாடி உக்காந்ததும் அதையெல்லாம் இறக்கி வச்சுட்டு, "மெல்ல மெல்லத் தெரியாம வந்திருக்கு அம்மா, இனி இப்படிப் பார்த்துக்கலாம்" என்று பேசப் பழகுங்க.

நோயாளிகளாக வருபவர்களுக்கும் ஒன்று. டாக்டர் சொன்ன சொல் புரியலன்னா, "தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்று கூச்சப்படாம கேளுங்க. அது உங்க உரிமை. விளக்கிச் சொல்றது எங்க கடமை.