போர்டு வாங்கிக் கொடுத்தோம், டீச்சரை மறந்தோம்!



உங்கள் மஹல்லாவில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கும். நீங்கள் அங்கே படித்திருப்பீர்கள்; இல்லாவிட்டால் உங்கள் வாப்பா படித்திருப்பார். அந்தப் பள்ளிக்குள் கடைசியாக எப்போது கால் வைத்தீர்கள்? ஓட்டுப் போடப் போனதைச் சொல்லாதீர்கள். அது கணக்கில் சேராது!

நான் சென்ற ஆண்டு போனேன். மூன்றாம் வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை, மாற்றித் தர முடியுமா என்று தலைமையாசிரியர் கேட்டிருந்தார். நம் சமுதாயத்தவர் நிர்வாகம் செய்யும், அரசு நிதியுதவி பெறும் பள்ளி. அறைக்குள் நுழைந்தால், சுவரில் பெரிதாக ஏதோ ஒன்றைப் பழைய பெட்ஷீட்டால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதன் கீழே சலவைக் கல்லில் நன்கொடையாளர்களின் பெயர்கள். கல் மட்டும் பளபளவென்று இருந்தது. இரண்டாவது வரியில் என் பெயர்!

ஆம். கடைவீதி வியாபாரிகள் ஆறு பேர் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் போர்டு அது. இமாம் துஆ ஓத, பிரமுகர்கள் வந்து ஸ்விட்ச் போட, பிரியாணியோடு நடந்தது திறப்பு விழா. போட்டோ எடுத்தோம். வாட்ஸ்அப்பில் போட்டோம். மாஷா அல்லாஹ் என்று நூறு பேர் பதில் அனுப்பினார்கள். அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று கடைக்குத் திரும்பிவிட்டோம்.

"ஏன் டீச்சர் மூடி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் 28 வருடமாக அதே பள்ளியில் பாடம் நடத்துகிறவர்.

"விழா அன்னைக்குக் கம்பெனிக்காரர் ஒரு மணி நேரம் காட்டிட்டுப் போனார் பாய். அதுக்கப்புறம் யாரும் வரல. நான் தெரியாம எதையாவது தொட்டு, அது கெட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றது? என் சம்பளத்துல ரெண்டு மாசம் போயிடுமே!"

இணைய இணைப்பு என்ன ஆனது என்று கேட்டேன். மூன்று மாதத்துக்குக் கட்டியிருந்தோமாம். நான்காவது மாதம் யார் கட்டுவது என்று நாங்களும் பேசவில்லை, நிர்வாகமும் பேசவில்லை. லட்சக்கணக்கில் பலகை, மாதம் சில நூறு ரூபாய்க்கு ஆள் இல்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சகோதரர்களே! இந்த டீச்சருக்குக் கணினி தெரியாது, வயதாகிவிட்டது, பழைய காலத்து ஆள் என்று நம்மில் பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மை அதுவல்ல. இன்டர்நெட்டில் அவர் செய்யாத வேலை இல்லை. பிள்ளைகளின் வருகைப் பதிவு தினமும் செல்போன் செயலியில் ஏற வேண்டும். பெயர், ஆதார், ரத்தவகை எல்லாம் எமிஸ் தளத்தில் ஏற வேண்டும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மதிப்பீடும் ஆன்லைன் வழியே. கற்பிக்கும் நேரத்தைப் பதிவேற்றும் வேலை தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை குரல் எழுப்பியிருக்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது.

நம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு யார் உட்கார்ந்து விண்ணப்பம் ஏற்றினார்கள் என்று நினைக்கிறீர்கள்? சிறுபான்மை மாணவருக்கான மெட்ரிக் முந்தைய உதவித்தொகைக்காக, சர்வர் கிடைக்காத நாட்களில் இரவு பதினொரு மணி வரை விழித்திருந்தவர் இந்த டீச்சர்தான். 2022 நவம்பரில் ஒன்றிய அரசு, 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அந்தத் தொகை இனி இல்லை என்று அறிவித்தது. கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறதே, பிறகு எதற்கு என்று காரணம் சொன்னார்கள். அந்த ஆண்டுக்கான விண்ணப்பங்கள் ஏற்கெனவே ஏறியிருந்தன. அவ்வளவும் வீண்! தள்ளுவண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நோட்டும் பையும் வாங்க உதவிய தொகை போயிற்று. டீச்சரின் இரவுகளும் போயின.

ஆகவே, அவருக்கு இணையம் தெரியாது என்பதல்ல விஷயம். மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப மட்டும் இணையத்தைக் கற்றுக்கொடுத்தோம். எதிரே உட்கார்ந்திருக்கும் 31 பிள்ளைகளுக்காக அதைப் பயன்படுத்த யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதற்கு அவருக்கு நேரமும் கொடுக்கவில்லை.

வியாபாரிகளே! உங்கள் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. பேரேடும் சிட்டையும் வைத்துக் கல்லாவில் உட்கார்ந்திருந்த நமக்கு அன்று என்ன தெரியும்? கல்லாவுக்குப் பக்கத்தில் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியபோது, பணம் எங்கே போகிறதோ என்று பயந்தோமா இல்லையா? இன்று ரிட்டர்ன் போடுகிறோம், இ-வே பில் எடுக்கிறோம். எப்படி வந்தது இந்தத் தைரியம்? அக்கா மகனோ, ஆடிட்டர் ஆபீஸ் பையனோ பக்கத்தில் உட்கார்ந்து, பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லிக் கொடுத்தான். தப்புப் பண்ணினால் திருத்தினான். நமக்குக் கிடைத்த அந்த ஒரு ஆள் டீச்சருக்கு ஏன் கிடைக்கவில்லை?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் என் கடைக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் தம்பியிடம் பேசினேன். பி.சி.ஏ. முடித்தவன். "யாரு, நம்ம டீச்சரா? எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவங்க காக்கா!" என்றான். சனிக்கிழமைதோறும் லுஹருக்குப் பிறகு ஒரு மணி நேரம், ஆறு வாரம் என்று பேசி முடித்தோம்.

டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். போர்டு பழுதானால் ஆசிரியர் பொறுப்பல்ல என்று நன்கொடையாளர்கள் எழுதித் தர வேண்டும். நாங்கள் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். என்னைக் கேட்டால், அந்த அரைப் பக்கக் காகிதம்தான் நாங்கள் அந்தப் பள்ளிக்குச் செய்த முதல் உருப்படியான உதவி.

முதல் வாரம் முழுக்க போடுவதும் அணைப்பதும்தான். போனை எப்படி இணைப்பது, கேபிள் எங்கே சொருகுவது. "டேய், மெதுவாச் சொல்லுடா. உனக்கு நான் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன், மறந்துட்டியா?" என்று டீச்சர் கேட்க, அவன் சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

இரண்டாவது வாரம் பாடப்புத்தகம். 2018-ல் தமிழக அரசின் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்கங்களில் சின்னக் கறுப்புக் கட்டம் அச்சிட்டிருந்தார்களே, அதேதான். நம் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடின் அண்ணன் தம்பி! 2017-ல் தொடங்கப்பட்ட தீக்ஷா செயலியைத் திறந்து அதைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான படமோ பயிற்சியோ வரும். வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணைப்பு இல்லாமலே ஓட்டலாம். இது டீச்சருக்குத் தெரியாது. "இறக்கி வச்சுக்கலாம்னு யாருமே சொல்லலையே!" என்றார்.

யூடியூபில் நேராகப் போட்டபோது ஒரு நாள் நடுவில் சினிமா ஆட்டம் விளம்பரமாக வந்து, பிள்ளைகள் எழுந்து ஆடிவிட்டார்கள். டீச்சர் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினாராம். அன்றிலிருந்து எதையும் முன்னாலேயே பார்த்து, இறக்கி வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போகிறார்.

பிறகு அவர் செய்ததுதான் என்னை வியக்க வைத்தது. வீடியோவின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டுகிறார். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப என்ன நடந்துச்சு, நீ சொல்லு" என்று ஒவ்வொரு பிள்ளையாக எழுப்புகிறார். வாயே திறக்காத பிள்ளை எழுந்து தமிழில் நாலு வாக்கியம் சொல்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதி அவர்களையே வாசிக்கச் சொல்கிறார். இந்த யோசனை தம்பிக்குத் தோன்றவில்லை. போர்டு விற்ற கம்பெனிக்கும் தோன்றியிருக்காது. 28 வருடம் சாக்பீஸ் தூசியில் நின்றவருக்குத்தான் தோன்றும். கருவியை இளைஞன் சொல்லிக் கொடுக்கலாம். பாடத்தை டீச்சர்தான் நடத்த வேண்டும்.

இன்னொன்று. வராத பிள்ளையின் உம்மாவுக்கு ஒரு நிமிடம் குரல் செய்தி அனுப்புகிறார். படிக்கத் தெரியாத தாய்க்கு எழுத்தில் அனுப்பி என்ன பயன்? இரவில் அந்தத் தாய், பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து திருப்பி அனுப்புகிறார். பிள்ளைகள் எல்லாம் மேதைகளாகிவிட்டார்கள் என்று நான் கதை விடவில்லை. ர, ற தடுமாறுகிற பிள்ளை இன்னும் தடுமாறுகிறது. ஆனால் அது எங்கே தடுமாறுகிறது என்று வீட்டுக்குத் தெரிகிறது.

"செல்போனால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், நீங்கள் வேறு பள்ளிக்குள் கொண்டுபோகிறீர்களா?" என்று ஜமாஅத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் பயம் நியாயமானது. பிள்ளை கையில் போன் கொடுக்கச் சொல்லவில்லை மாமு, டீச்சர் கையில் இருக்கிறது என்றேன். அதே சமயம், வகுப்பில் எடுத்த பிள்ளைகளின் படத்தையும் குரலையும் ஊர் குரூப்பில் போட்டு லைக் வாங்காதீர்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்கிறது. பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் வீட்டுப் பெண் பிள்ளையின் படம் யார் யார் போனில் இருக்கலாம் என்று நாமே யோசிக்க வேண்டாமா?

நம் வணிகர்கள் கல்விக்குக் கொடுக்காதவர்கள் அல்ல. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் 1951-ல் எழுந்தன. அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955-ல், உத்தமபாளையத்தில் ஹௌதியா கல்லூரி 1956-ல், பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971-ல் வந்தன. தோலிலும் துணியிலும் கடல் கடந்த வியாபாரத்திலும் வந்த காசு அது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் கல்லூரி வாசலுக்கு வந்து சேரும் பிள்ளை, முதலில் மூன்றாம் வகுப்பைத் தாண்ட வேண்டும். பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் சுமார் 3 விழுக்காட்டினரே என்று 2006-ல் சச்சார் குழு சொன்னது. மற்றவர்களில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் இப்படிப்பட்ட ஒரு டீச்சரின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பத்ருப் போரில் கைதான மக்காவாசிகளில் மீட்புப் பணம் கொடுக்க வழியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டது என்ன? மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்பது. அவர்களிடம் வாங்கியது அவர்களின் நேரத்தை. அந்த உம்மத்தான நாம் ரசீது போட்டுக் காசு கொடுக்கிறோம். நேரம் கேட்டால் கடையைக் காட்டுகிறோம்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2024-ல் தமிழக அரசு, தொடக்கக் கல்வி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்குக் கையடக்கக் கணினி வழங்கும் பணியைத் தொடங்கியது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கவும் திட்டமிட்டது. வரவேற்கிறோம். நம் நிதியுதவிப் பள்ளிகளையும் அந்த வரிசையில் நிறுத்துங்கள். பதிவேற்றும் வேலையைக் குறைத்து, கற்றுக்கொள்ளும் நேரத்தை வேலை நேரத்திலேயே ஒதுக்குங்கள் என்று கேட்போம். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டிய பெண்ணை, இரவு எட்டு மணிக்கு ஆன்லைன் பயிற்சிக்கு வா என்பது பயிற்சி அல்ல. உர்தூ வழியில் கற்பிக்கும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆசிரியைகளுக்கு அவர்கள் மொழியில் பாடப் படங்கள் வேண்டும்.

அரசைக் கேட்குமுன் நம் டிரஸ்டுகள் நடத்தும் நர்சரிப் பள்ளிகளைப் பாருங்கள். அங்கே வேலை செய்யும் நம் பெண்களுக்கு எந்த அரசுக் கணினியும் வராது. சம்பளமும் சொல்லும்படி இல்லை. சொந்த போனில், சொந்த டேட்டாவில் வகுப்புக்கான படத்தை இறக்குகிறார்கள். ஆண்டு விழா மேடைக்குச் செலவழிக்கும் நிர்வாகிகளே, அந்த டேட்டா காசையாவது கொடுத்தீர்களா?

எங்கள் பள்ளியின் இணைய பில் இப்போது என் கடைக் கணக்கில் மாதாமாதம் போகிறது. அதற்குக் கல் எதுவும் பதிக்கவில்லை. போர்டின் மேலிருந்த பெட்ஷீட் வாட்ச்மேன் வீட்டுக்குப் போய்விட்டது. தம்பியின் ஆறு வாரம் முடிந்து நாளாயிற்று. இரண்டாம் வகுப்பு டீச்சரும் கற்றுக்கொள்ள வருகிறேன் என்றார். அவருக்குச் சனிக்கிழமை தோதுப்படவில்லையாம், ஞாயிறு காலை வேண்டுமாம். தம்பிக்கு அன்று கடையில் கூட்டம். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கொடுக்க எங்கள் ஊரில் கணினி தெரிந்த இன்னொரு இளைஞனைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.