பாட்டு வேண்டும், பாடியவன் வேண்டாமோ?

1958ஆம் ஆண்டிலே டேவ் புரூபெக்கின் நால்வர் குழு இலங்கைக்கு வந்து ஜாஸ் இசை வழங்கிச் சென்றது. ஐந்தாண்டுகள் கழித்து, 1963இல், டியூக் எலிங்டன் தம் பெரிய வாத்தியக் குழுவுடன் கொழும்புக்கு வந்தார். இவர்களை இங்கு அனுப்பிவைத்தது ஏதோவோர் இசைச் சபையன்று. அமெரிக்க அரசாங்கத்தின் இராஜாங்கத் திணைக்களம். பனிப்போர் முற்றி நின்ற காலம் அது. சோவியத் ருஷ்யா தன் நடனக் குழுக்களை நாடு நாடாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக வாஷிங்டன் கண்டெடுத்த படைக்கலமே ஜாஸ். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையிற் சமமாக அமர்ந்து இசைக்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் உள்ளம்போல் வாசிக்கின்றனர். ஆயினும் யாவரும் ஒன்றுபடுகின்றனர். ஜனநாயகத்திற்கு இதனினும் மேலான சான்று வேறுண்டோ என்று ஆசிய, ஆபிரிக்க மக்களைக் கேட்பதே அப்பயணங்களின் நோக்கம்.

பனிப்போர் முடிந்துவிட்டது, அந்தப் பிரசாரம் மட்டும் முடியவில்லை. 1987இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஜாஸ் இசையை நாட்டின் அரும்பெருஞ் செல்வமெனத் தீர்மானம் நிறைவேற்றியது. ‘ஆபிரிக்க அமெரிக்கரின் அனுபவம்’ வழியாக வந்த இசை இது என்று அத்தீர்மானம் கூறியது. அந்த அனுபவம் யாது என்பதை மட்டும் கூறவில்லை! ஜாஸ் அமெரிக்கா உலகிற்கு அளித்த கொடை என்ற பேச்சு இன்றும் மேடைதோறும் ஒலிக்கிறது. கொடை என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். தன் கைப்பொருளைக் கொடுப்பவனே கொடையாளி. பிறன் உழைப்பைப் பறித்து ஊருக்கு வழங்குபவனுக்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.

தீர்மானம் சொல்லாது விட்ட அந்த அனுபவத்தை நாம் சொல்வோம்.

ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களிடம் எஞ்சியிருந்த உடைமை அவர்கள் குரலும் தாளமுமே. அதையும் விட்டுவைக்க ஆண்டான்மார் விரும்பவில்லை. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசொலி அவர்களை ஒன்றுதிரட்டிற்று. மறு ஆண்டே அங்கு அடிமைகள் முரசு வைத்திருத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. நியூ ஓர்லியன்ஸ் நகரில் நிலைமை சற்று வேறு. 1817இல் அந்நகர சபை, அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் குறித்ததோரிடத்தில் மட்டும் கூடலாமென விதித்தது. பின்னாளிற் கொங்கோ சதுக்கம் எனப் பெயர்பெற்ற அத்திடலிலே, வாரத்தில் ஒருநாட் பொழுது, ஆபிரிக்க முரசு மாண்டுபோகாமல் உயிர் பிழைத்தது. ஆறு நாள் விலங்கு, ஒரு நாள் முரசு. இதுதான் கொடையின் தொடக்கம்.

அடிமைத்தளை சட்டத்தில் அறுந்த பின்னரும் வேறு தளைகள் வந்தன. 1890இல் லூசியானா மாநிலம் புகைவண்டியிலே கறுப்பருக்கு வேறு பெட்டி, வெள்ளையருக்கு வேறு பெட்டி எனச் சட்டம் செய்தது. அதனை எதிர்த்து 1892இல் வெள்ளையர் பெட்டியில் ஏறிச் சிறைப்பட்ட ஹோமர் பிளெசி நியூ ஓர்லியன்ஸ் நகரத்தவர். 1896இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அவருக்கெதிராகத் தீர்ப்பளித்து, பிரித்துவைத்தல் நீதியே எனச் சாதித்தது. பிளெசியைப் போன்ற கலப்பினக் கிரியோல் மக்களிற் பலர் ஐரோப்பிய முறையில் இசை கற்றுச் சுரக்குறிப்பு வாசிக்க வல்லவர்கள். வெள்ளையர் உலகம் அவர்களைத் தள்ளி வெளிக்கதவை அடைத்தபோது, அவர்கள் கறுப்பினத் தொழிலாளரின் வாத்தியக் குழுக்களோடு கலந்தனர். ஒருபால் ஏட்டு இசைப் பயிற்சி. மறுபால் வயற்பாட்டும், தேவாலயப் பாட்டும், புளூஸ் என்னும் துயரப் பாட்டும். நிறவெறிச் சட்டம் தன்னை அறியாமலே ஒரு புதிய இசைக்கு மருத்துவச்சியாயிற்று. இதற்காக அச்சட்டத்திற்கு நன்றி கூறுவார் எவரேனும் உளரோ? அமெரிக்க ஜனநாயகம் ஜாஸைத் தந்தது என்போர் கூறுவது ஏறக்குறைய அதுவே.

அந்நகரில் முதன்முதற் புகழ்பெற்ற கோர்னெற் வாத்தியக்காரர் படி போல்டன். 1877இற் பிறந்தவர். முப்பது வயது நிறையுமுன்னரே, 1907இல், மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு சுரமேனும் இன்று நம் காதுக்கு எட்டாது. அவர் இசைத்தட்டு ஒன்றும் இல்லை. ஏழைகளின் இடுகாட்டிலே அடையாளக் கல் இன்றிப் புதைக்கப்பட்டார்.

முதலாவது ஜாஸ் இசைத்தட்டு எவருடையது? 1917 பெப்ரவரி 26ஆந் திகதி நியூயோர்க்கில் விக்டர் கம்பனி பதிவு செய்த தட்டு அது. வாசித்தவர்கள் ‘ஒறிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பாண்ட்’ என்னும் ஐவர். ஐவரும் வெள்ளையர்! ‘ஒறிஜினல்’ என்ற சொல்லின் துணிச்சலைப் பாருங்கள். அக்குழுவின் தலைவர் நிக் லாறொக்கா பிற்காலத்தில் ஜாஸைக் கண்டுபிடித்தவர் தாமே என்றும், கறுப்பருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் சாதித்து வந்தார். கூரை வேய்ந்தவன் வெளியே நிற்க, உள்ளே நுழைந்தவன் உறுதி எழுதிய கதை இது.

கிங் ஒலிவரின் குழு இசைத்தட்டில் ஏறியது 1923இற்றான். அவரோடு கோர்னெற் வாசித்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங். பியானோ வாசித்தவர் லில் ஹார்டின் என்னும் பெண்மணி. பதிவு செய்த ஜெனற் கம்பனி, கறுப்பரை எரித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தாருக்கும் அதே காலத்திற் கூலிக்குத் தட்டு அச்சிட்டுக் கொடுத்தது. வாணிபத்திற்கு நிறம் தெரிவதில்லை என்பர். தெரிந்தது, பங்கு பிரிக்கும்போது தெரிந்தது. ஆம்ஸ்ட்ரோங்கின் ஆசானாகிய ஒலிவர் 1938இல் ஜோர்ஜியா மாநிலத்தில் வறுமையில் இறந்தார். இறுதி நாட்களில் அவர் செய்த தொழில் ஒரு விளையாட்டுக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பது. ‘கிங்’ என்றால் அரசன்.

வேறோர் அரசனும் இருந்தான். போல் வைற்மன் என்னும் வெள்ளை வாத்தியக் குழுத் தலைவருக்கு ‘ஜாஸின் அரசன்’ என்று பட்டம் சூட்டினர். 1930இல் அப்பட்டப் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. அதன் இறுதிக் காட்சியில், பற்பல நாட்டு இசைகள் ஒரு பெருங் கொப்பரையில் உருகி ஜாஸ் பிறப்பதாகக் காட்டப்படுகிறது. ஐரோப்பாவின் நாடுகள் ஒவ்வொன்றாக வந்து கொப்பரையிற் கலக்கின்றன. ஆபிரிக்கா வரவேயில்லை! பெற்ற தாயை விலக்கிவிட்டு நடத்திய பெயர்சூட்டு விழா.

இங்கே ஒரு மறுப்பு எழும். எக்காளமும் கிளாரினெற்றும் பியானோவும் ஐரோப்பியக் கருவிகளல்லவா, படைநடைப் பாட்டும் பிரெஞ்சு நடன இசையும் ஜாஸிற் கலந்திருக்கவில்லையா, ஆகவே அது எல்லோருக்கும் பொதுச் சொத்தல்லவா என்பர். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதனால் கருநாடக இசையை ஐரோப்பியர் ஆக்கினர் என்று எவரேனும் சொல்வரா? கருவி எங்கே செய்யப்பட்டது என்பதன்று கேள்வி. அதை எந்த நெஞ்சு ஊதியது என்பதே கேள்வி. 1925 முதல் 1928 வரை ஆம்ஸ்ட்ரோங் சிக்காகோவிற் பதிவு செய்த தட்டுகளைக் கேட்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் வித்துவான்கள் மனோதர்மம் என்பார்களே, அது அவர் ஊதுதலிற் பெருக்கெடுத்தது. கூட்டமாக வாசித்த இசையிலே தனியொருவனின் கற்பனை தலைநிமிர்ந்து நிற்க வழிசெய்தவர் அவர். அவருக்குப் பின் வந்தவருள் அவருக்குக் கடன்படாத ஜாஸ் கலைஞர் இல்லை. அவர் இளமையில் எக்காளம் பயின்றது நியூ ஓர்லியன்சில் கறுப்பினச் சிறுவரை அடைத்துவைத்த சீர்திருத்த இல்லத்தில்.

வெள்ளையர் யாவரையும் குற்றக் கூண்டில் ஏற்றுதல் எம் கருத்தன்று. ‘சுவிங்கின் அரசன்’ எனப் புகழப்பட்ட பென்னி குட்மனின் வெற்றிக்குப் பின்னால் நின்றவை பிளெச்சர் ஹெண்டர்சன் என்னும் கறுப்பர் அமைத்துக்கொடுத்த இசைவடிவங்கள். ஆனால் குட்மன், டெடி வில்சனையும் லயனல் ஹாம்ப்டனையும் தம்மோடு மேடையேற்றத் தயங்கவில்லை. 1938இல் கார்னகி மண்டபத்திலும் அவர்களோடுதான் வாசித்தார். 1954இல் ‘டைம்’ சஞ்சிகை தம் படத்தை அட்டையிற் போட்டபோது, அந்த இடம் எலிங்டனுக்கு உரியது என வெட்கியவர் டேவ் புரூபெக். 1960இல் தம் குழுவின் கறுப்பின வாத்தியக்காரர் யூஜின் றைற்றை விலக்கினால்தான் வாசிக்கலாம் என்று தென்மாநிலக் கல்லூரிகள் கூறியபோது, அவரை விலக்க மறுத்து, இருபதுக்கு மேற்பட்ட கச்சேரிகளை இழந்தார். தனி மனிதரின் நேர்மையை யாம் மறுக்கவில்லை. ஒரு அரசு அந்த நேர்மையைத் தன்னுடையதென விளம்பரம் செய்வதையே மறுக்கிறோம்.

எலிங்டன் 1927 முதல் 1931 வரை புகழ்பெற்ற இடமாகிய ஹார்லத்துக் ‘கொட்டன் கிளப்’ கறுப்பர் வாழும் பகுதியின் நடுவே இருந்தது. ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பர்; இருந்து கேட்க வெள்ளையருக்கே அனுமதி. தென்னாட்டில்தான் கொடுமை, நியூயோர்க்கில் சமத்துவம் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. அந்நகரப் பொலிசார் 1940 முதல் 1967 வரை மற்றொரு முறையையும் நடத்தினர். மது விற்கும் மண்டபங்களில் வாசிக்க விரும்பும் கலைஞன் பொலிஸ் நிலையம் சென்று விரலடையாளம் பதித்து அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். பொலிசார் நினைத்தால் பறிக்கலாம். பறித்தால் பிழைப்புப் போயிற்று. பில்லி ஹொலிடே 1947இல் போதைப்பொருட் குற்றத்திற்காகச் சிறைசென்று மீண்டபின் அவருக்குச் சீட்டு மறுக்கப்பட்டது. கார்னகி மண்டபம் நிரம்பி வழியப் பாடினார். ஆனால் தெருமுனை மதுக்கூடத்திற் பாடி உண்ண அவருக்கு உரிமையில்லை. கறுப்பரை மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையை 1939இலேயே பாடிய குரல் அது. அவருடைய வழக்கமான இசைத்தட்டுக் கம்பனி அப்பாட்டைப் பதிவு செய்ய மறுத்ததும் வரலாறு. 1959இல் மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்தபோதும் அவருக்குப் பொலிஸ் காவல் இருந்தது. யூலையில் அங்கேயே இறந்தார். வயது 44. தெலோனியஸ் மொங்க், விரலுக்கு விரல் மௌனத்தையும் இசையாக்கிய மேதை, 1951 முதல் ஆறாண்டுகள் தம் சொந்த நகரின் மண்டபங்களில் வாசிக்க முடியாது வீட்டில் இருந்தார். போதைப் பழக்கம் பலரைத் தின்றது உண்மை. சார்லி பாக்கர் 34 வயதில் மாண்டார். நோயாளிக்கு மருந்து கொடாமல் அவன் தொழிலைப் பறிப்பது எந்த வைத்தியத்தில் உளது?

1959 ஓகஸ்ட் 25ஆந் திகதி இரவு, தாம் வாசித்துக்கொண்டிருந்த மண்டபத்தின் வாயிலில் மைல்ஸ் டேவிஸ் சற்று நின்றார். அப்பாற் போ என்றான் பொலிஸ்காரன். உள்ளே வாசிப்பவன் நான் என்றதற்குக் கிடைத்த விடை தலையிற் குண்டாந்தடி. ஜாஸ் வரலாற்றிலே மிகப் பெரும் புகழ்பெற்ற அவருடைய இசைத்தட்டு வெளிவந்து அப்போது எட்டே நாட்கள்.

இப்படிப்பட்ட நாடுதான் தூதர்களை அனுப்பிற்று! 1956இல் முதல் தூதராகச் சென்றவர் டிசி கில்லெஸ்பி. அவர் குழுவிற் கறுப்பரும் வெள்ளையரும் இருந்தனர். மெல்பா லிஸ்டன் என்னும் பெண் வாத்தியக்காரரும் இருந்தார். அதே 1956இல், ஜாஸின் பிறப்பிடமாகிய லூசியானாவில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஆடவும் பாடவும் கூடாதெனச் சட்டம் வந்தது. வெளிநாட்டில் விளம்பரமாகக் காட்டியது உள்நாட்டிற் குற்றம்! ஆம்ஸ்ட்ரோங் தம் கலப்பினக் குழுவுடன் பிறந்த ஊரில் வாசிக்க முடியாமற் போயிற்று. 1965 வரை அவர் அங்கு வாசிக்கச் செல்லவில்லை.

சிரித்த முகமும் கைக்குட்டையுமாக வெள்ளையரை மகிழ்விப்பவர் என்று ஆம்ஸ்ட்ரோங்கை இகழ்ந்த இளைஞர் பலர். 1957 செப்ரெம்பரில் லிற்றில் றொக் நகரத்துப் பாடசாலைக்குச் சென்ற ஒன்பது கறுப்பின மாணவரை ஆளுநர் போபஸ் படைவீரரைக் கொண்டு தடுத்தபோது, அந்தச் சிரிப்பு மறைந்தது. தென்னாட்டில் என் மக்களை நடத்தும் முறைக்கு இந்த அரசாங்கம் நரகத்திற்குப் போகட்டும் என்ற கருத்தில் நிருபரிடம் கூறி, சோவியத் பயணத்தை உதறினார். அந்த ஆளுநரை எள்ளி சார்ல்ஸ் மிங்கஸ் ஒரு பாட்டமைத்தார். 1959இல் கொலம்பியா கம்பனி அதன் இசையை மட்டும் வெளியிட்டது. சொற்களோடு வெளியிட வேறொரு சிறு கம்பனி வேண்டியிருந்தது. மக்ஸ் றோச்சும் அபி லிங்கனும் 1960இல் விடுதலை இப்போதே வேண்டுமென்று ஓர் இசைத்தொகுதியையே படைத்தனர். எலிங்டன் குழுவினர் அரசின் தூதராக வெளிநாட்டில் இருந்த 1963 செப்ரெம்பரில், பேர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் வைக்கப்பட்ட குண்டுக்குக் கறுப்பினச் சிறுமியர் நால்வர் இரையாயினர். ஜோன் கொல்ட்ரேன் அதற்காக வாசித்த ‘அலபாமா’ என்னும் சிற்றிசையைக் கேட்டவர், ஜாஸ் குடிமண்டப இரைச்சல் என்று சொல்ல நாவெடார். நம்மவரிலும் அப்படிச் சொல்லும் பெரியோர் உளர். அவர்கள் ஒருமுறை கேட்கட்டும்.

இறுதியாக ஒன்று. 1965இல் புலிற்சர் பரிசின் இசை நடுவர்கள் எலிங்டனின் வாழ்நாட் பணிக்குச் சிறப்புப் பாராட்டு வழங்குமாறு பரிந்துரைத்தனர். மேற்சபை மறுத்தது. நடுவர் மூவருள் இருவர் பதவி துறந்தனர். அப்போது 66 வயதாகிய எலிங்டன், இளம் பராயத்திலே தமக்கு மிதமிஞ்சிய புகழ் சேரக்கூடாதென விதி கருணை காட்டுகிறது போலும் என்று நகைத்தார். 1974இல் அவர் இறந்தார். 1999இல், அவருடைய நூற்றாண்டின்போது, புலிற்சர் சபை தன் பாராட்டை அவருக்கு வழங்கியது.