ஊர் வரலாற்றில் இல்லாத தெரு

எங்கட பக்கம் ஊர் வரலாறு எழுதுகிற ஆக்களுக்குப் பஞ்சமில்லை. கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள் அடிக்கிற புத்தகம் எண்டு அலுமாரி நிறைய இருக்கு. ஊர்ப்பெயர் எப்படி வந்தது, குளத்தை ஆர் வெட்டினது, முதல் டொக்டர் ஆர், முதல் அப்புக்காத்து ஆர் எல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் யாழ்ப்பாண நகரத்தைப் பற்றிக் கதைக்கும்போது ஓரிடம் வந்ததும் எங்கட குரல் சட்டெண்டு இறங்கிவிடுகிறது. அந்த இடம் சோனகதெரு.

அதைப் பற்றிச் சொல்ல முதல் போலந்தில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தைச் சொல்ல வேணும். ஒரு ஊரில் வாழ்ந்த சனம் இல்லாமல் போன பிறகு அந்த ஊரின் வரலாறு ஆருக்குச் சொந்தம் எண்ட கேள்வி அங்கேயும் இருக்கு.

கிராமத்தின் பெயர் ஸ்டோகி. விஸ்துலா ஆறு கடலில் சேரும் தாழ்நிலத்தில், மல்போர்க் நகருக்குக் கிட்ட இருக்கிறது. பழைய பெயர் ஹொய்புடன். அங்கே மெனனைட் எண்ட கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்ந்தார்கள். மென்னோ சைமன்ஸ் என்ற முன்னாள் கத்தோலிக்கக் குருவின் வழி வந்தவர்கள். வளர்ந்து, விளங்கித்தான் ஞானஸ்நானம் எடுக்க வேணும், ஆயுதம் தூக்கக் கூடாது, சத்தியம் பண்ணக் கூடாது என்பவை அவர்களுடைய கொள்கைகள். நெதர்லாந்துப் பக்கம் இதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் 16ஆம் நூற்றாண்டில் விஸ்துலாக் கரைக்கு வந்து, அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, காற்றாலையால் தண்ணீர் இறைத்துச் சதுப்பு நிலத்தை வயலாக்கினார்கள். 1772இல் அந்தப் பகுதி பிரஷ்ய அரசின் கைக்குப் போனது. படைக்கு ஆள் தராதவர்கள் புதுசாகக் காணி வாங்கக் கட்டுப்பாடு வந்தது. கனபேர் உக்ரைன் பக்கம் கிளம்பினார்கள். மிச்சப் பேர் 1945 வரை இருந்தார்கள். அந்த வருட ஜனவரியில் சோவியத் படை நெருங்க ஊரை விட்டு ஓடினார்கள். போர் முடிய நிலம் போலந்துக்குப் போனது. ஜெர்மன் பேசியவர்களுக்கு அங்கே திரும்ப இடமிருக்கவில்லை.

அந்த வீடுகளில் குடியேறியவர்களில் கனபேர் தாங்களும் சொந்த ஊரை இழந்த சனம். கிழக்கே பறிபோன பகுதிகளிலிருந்து வந்த போலந்துக்காரர், 1947இல் அரசு பிடுங்கி நட்ட உக்ரைனியர். அவர்களுக்கு அந்தக் கல்லறைகள் அந்நியரின் கல்லறைகள். காலப்போக்கில் மயானங்களில் பற்றை வளர்ந்தது. 1990களில் உள்ளூர் ஆர்வலர்களும் நெதர்லாந்திலிருந்து வந்தவர்களும் பற்றை வெட்டிக் கற்களை நிமிர்த்தினார்கள். பக்கத்து நகரமான நோவி த்வூர் க்தான்ஸ்கியில் ஒரு அருங்காட்சியகமும் வந்தது.

அந்த வரலாறு வெறும் புகழ்மாலையாகவும் இல்லை. அதே தாழ்நிலத்தில்தான் நாஜிகளின் ஸ்டுட்ஹொவ் சித்திரவதை முகாம் இருந்தது. அந்த முகாமின் கைதிகளை வயல்வேலைக்கு எடுத்தவர்களில் மெனனைட் விவசாயிகளும் இருந்தார்கள். போன சனத்தைப் பற்றி எழுதுவதற்கு அவர்கள் அப்பழுக்கில்லாதவர்களாக இருந்திருக்க வேணும் எண்ட நிபந்தனை அங்கே வைக்கப்படவில்லை.

இனி எங்கட கதைக்கு வருவம்.

சோனகதெரு, ஐந்துசந்தி, ஒட்டுமடம் எண்டு யாழ் நகரத்தின் மேற்குப் பக்கம் தமிழ் பேசுகிற முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். நகைக்கடை, இரும்புக்கடை, தையல்கடை, இறைச்சிக்கடை, லொறி ஓட்டம் எண்டு நகரத்தின் அன்றாடம் அவர்களில்லாமல் நடக்கவில்லை. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, 1948 தொடக்கம் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபராக இருந்தவர். எங்கட 'முதல்' பட்டியல்களில் அவருடைய பெயரை எத்தனை தரம் பார்த்திருக்கிறியள்?

1990 ஒக்டோபர் 30 காலை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேணும் எண்டார்கள். காசும் நகையும் வழியில் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் வெளியேற்றப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30, வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் மழைக்குள்ளால் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவைப் பற்றி எங்கட வீடுகளில் அம்மம்மா சொல்லுவா, அப்பா சொல்லுவார், கவிதை இருக்கு, சிறுகதை இருக்கு. ஒரே திகதிதான். ஒன்றுக்கு எங்களிடம் நூறு கதை, மற்றதுக்கு மௌனம். ஊரை விட்டுப் போறதென்றால் என்னெண்டு தெரிஞ்ச சனம் நாங்கள். அப்படியிருந்தும் இந்த மௌனம் எப்படி வந்தது?

"இப்ப ஏன் பழசைக் கிளறுறியள்?" எண்டு கேட்பினம். "கிழக்கில எங்கட சனத்துக்கு நடந்தது தெரியாதோ?" எண்டும் கேட்பினம். தெரியும், அதையும் எழுத வேணும். ஆனால் கிழக்கில் ஆரோ செய்ததுக்கு யாழ்ப்பாணத்துத் தையல்காரர் எப்படிப் பொறுப்பு? அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் எங்களுக்கு எதிராக 1983இல் போடப்பட்ட கணக்கையும் ஏற்க வேண்டி வரும். புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கமே 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் அதைக் கடந்தகாலத் தவறு என்ற பொருளில் பேசினார். பிறகு நாங்கள் ஆரைக் காப்பாற்ற மௌனமாக இருக்கிறம்?

யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்டது. நல்லூர்ப் பக்கம் இருந்த சோனகர் அங்கிருந்து எழுப்பப்பட்ட கதை அதில் வருகிறது. அந்தப் புலவருக்குச் சொல்ல முடிந்தது, எங்களுக்கு முடியாமல் கிடக்கு.

போலந்துக் கிராமத்துக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஸ்டோகிக்காரர் கல்லறையைக் காப்பதோடு நிறுத்தலாம், ஏனெண்டால் ஆரும் திரும்பி வந்து காணி கேட்கப் போவதில்லை. சோனகதெருச் சனம் உயிரோடு இருக்கு. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகும் 2009க்குப் பிறகும் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். இடிஞ்ச வீடு, போன காணி உறுதி. ஒரு குடும்பமாகப் போனது நாலு குடும்பமாகத் திரும்பினால் அதே சின்ன வளவு காணாது. வீடு கேட்டால் "நீங்கள் புத்தளம் ஆக்கள்தானே" எண்ட பதில். இந்தப் பதில் எடுபடுவதற்கு எங்கட மலர்களும் உதவுகின்றன. ஒரு சனம் இங்கே இருந்தது எண்டு எழுத்தில் இல்லாவிட்டால், அது திரும்பி வரும்போது வந்தேறி மாதிரித்தான் தெரியும்.

அதனால்தான் இது நினைவுச்சின்னம் வைத்து முடிக்கிற வேலை இல்லை. கலைப்பீடத்தில் வருசாவருசம் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலையிறம். சோனகதெருவின் கடைகள், பள்ளிவாசல்கள், ஒஸ்மானியாக் கல்லூரி, கதீஜா, அங்கே பேசப்பட்ட தமிழ் எல்லாம் தலைப்புகள்தான். புத்தளம் பஸ் ஏறினால் 1990இல் பெரியாக்களாக இருந்த சனத்திடம் இன்னும் கேட்கலாம். அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கு. நகரத்துப் பள்ளிக்கூடங்கள் அடுத்த மலரில் 1990 ஒக்டோபரோடு வரவு இடாப்பில் நின்றுபோன பெயர்களைப் போடலாம். எழுதும்போது அந்தச் சனத்தையும் எழுத்தாளராக வைச்சுக்கொள்ளவேணும், தகவல் தருகிற ஆக்களாக மட்டும் வைக்கக் கூடாது.

எங்கட காணியை ஆமி வைச்சிருக்கு, விடு எண்டு கேட்கிறம். அது நியாயமான கேள்வி. அதே வாயால் சோனகதெருவுக்கும் கேட்டால்தான் அந்த நியாயம் முழுசாகும்.